நடக்கச் சொன்னால் போதுமா?

"ஒரு நாளைக்கு முப்பது நிமிஷம் நடவுங்கோ." ஸ்காபரோவில் நாற்பது வயதைத் தாண்டிய தமிழ் அம்மாக்களில் இந்த வசனத்தைக் கேட்காதவர்கள் அபூர்வம். குடும்ப வைத்தியர் சொல்வார். மருந்துக்கடையில் நிற்கிறவர் சொல்வார். தமிழ் வானொலியில் சொல்வார்கள். பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம் படிக்கிற மகள் கூகுளில் தேடிப் பார்த்துவிட்டுச் சொல்வாள். எல்லோரும் சொல்கிறார்கள். நடக்கிறவர்கள் எத்தனை பேர்?

அப்படி ஒரு அம்மாவின் கதை இது. பெயர் வேண்டாம். ஸ்காபரோ சின்ன ஊர், தமிழ் ஸ்காபரோ அதைவிடச் சின்னது. வயது 52. உயரம் 155 சென்ரிமீற்றர், நிறை 67 கிலோ. 1990களின் நடுவில் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து, அங்கே கலியாணம் பேசி ரொறன்ரோவுக்கு வந்தவர். எக்ளிங்ரனும் மார்க்கம் வீதியும் சந்திக்கிற பக்கத்தில், ஓர் அடுக்குமாடியின் பதினோராம் மாடியில் வீடு. கணவர், ஒரு மகள், ஒரு மகன்.

ஓர் ஒக்ரோபர் மாதம் இரத்தம் சோதித்தார்கள். ஏ1சி என்று ஒன்று இருக்கிறதே, கடந்த இரண்டு மூன்று மாதத்துச் சீனியின் சராசரியைக் காட்டுகிற எண், அது 6.3 என்று வந்தது. கனடாவில் 6.0 முதல் 6.4 வரை நீரிழிவுக்கு முந்திய நிலை. 6.5 வந்துவிட்டால் நீரிழிவுதான். வைத்தியர் எட்டு நிமிடத்தில் எல்லாம் சொல்லி முடித்து, நடக்கச் சொல்லி ஒரு தாளையும் கொடுத்துவிட்டார். அம்மா அந்தத் தாளைக் கொண்டுவந்து குளிர்சாதனப் பெட்டியின் கதவில், பீட்சாக் கடைக் கூப்பனுக்குக் கீழே காந்தத்தால் ஒட்டினார். அவ்வளவுதான். அன்றிரவு அவர் நித்திரை கொள்ளவில்லை என்பது மகளுக்குப் பிறகுதான் தெரியும். அம்மாவின் தாயாருக்கு யாழ்ப்பாணத்தில் சீனி வருத்தத்தால் ஒரு காலை எடுத்தவர்கள். அந்தக் காலத்தில் பாதை பூட்டு, போர். இவரால் போய்ப் பார்க்க முடியவில்லை.

ஆகவே, பயம் இருந்தது. பயம் காட்டினால் ஆட்கள் நடப்பார்கள் என்று நினைக்கிறவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். பயம் வேண்டிய மட்டும் இருந்தது. ஆனால் நடை இருக்கவில்லை.

ஏன் என்று கேட்டால் அவருடைய நாளைப் பார்க்க வேண்டும். காலை நாலரைக்கு எழும்புகிறார். சோறும் இரண்டு கறியும் வைத்து, நாலு பேருக்கும் சாப்பாட்டுப் பெட்டி கட்டி, ஆறு மணிக்கு முதல் பஸ் எடுக்கிறார். இரண்டு பஸ் மாறினால் ஒரு பொதிசெய்யும் தொழிற்சாலை. எட்டு மணித்தியாலமும் நின்ற நிலையில் வேலை. பின்னேரம் நாலரைக்கு வீடு. பிறகு குசினி, உடுப்புத் தோய்ப்பு, மகனுடைய பாடசாலைக் கடிதம், மாமியாருக்கு ஊருக்கு ஒரு தொலைபேசி. ஒன்பதரைக்குப் படுத்தால்தான் மறுநாள் நாலரைக்கு எழும்பலாம்.

"நடவுங்கோ அம்மா" என்று மகள் சொன்னபோது அவர் சொன்ன பதில் இது: "நான் என்ன நாள் முழுக்கக் கதிரையிலயே இருக்கிறன்? விடியத் தொடக்கம் நிண்ட காலிலதானே நிக்கிறன். இதுக்கு மேல என்னத்த நடக்கிறது?"

இதைச் சாட்டு என்று தள்ளிவிட முடியாது. வேலைத்தலத்தில் உடம்பை வருத்துவதும் ஓய்வு நேரத்தில் உடம்பை அசைப்பதும் உடலுக்கு ஒன்றல்ல என்று டென்மார்க்கின் அந்திரியாஸ் ஹோல்ட்டர்மானும் அவரோடு சேர்ந்தவர்களும் பல வருடங்களாக எழுதி வருகிறார்கள். மணிக்கணக்காக ஒரே இடத்தில் நின்று ஒரே கையசைவைச் செய்தால் இதயம் வலுப்படுகிற அளவுக்கு வேகமாகத் துடிப்பதில்லை. இரத்த அழுத்தம் மட்டும் நாள் முழுக்க ஏறி நிற்கும். இடையில் ஆற நேரமும் இல்லை. வேகமாக இருபது நிமிடம் நடந்துவிட்டு இருந்து ஆறினால் நிலைமை வேறு. இந்த விஷயத்தில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் வாதம் நடக்கிறது. ஆனாலும் அம்மாவின் கேள்விக்கு உள்ள நேர்மையான பதில் கொடுமையானதுதான்: "ஓம், நீங்கள் களைத்துப்போகிற அளவுக்கு வேலை செய்கிறீர்கள். அது கணக்கில் சேராது." யாருக்குத்தான் இதைக் கேட்க மனம் வரும்?

பொருளியல் படித்தவர்களுக்கு அமையச் செலவு என்ற சொல் தெரிந்திருக்கும். ஒன்றைச் செய்வதற்காக எதை விட்டுக்கொடுக்கிறோமோ அதுதான் அதன் உண்மையான விலை. நடை இலவசம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இந்த அம்மாவுக்கு அந்த முப்பது நிமிடத்தின் விலை அரை மணித்தியால நித்திரை, அல்லது மகனுக்குச் சுடச்சுடச் சாப்பாடு. அவர் கணக்குப் போட்டுத்தான் நடக்காமல் இருந்தார்.

இன்னொன்றும் உண்டு. இவர் ஒருகாலத்தில் அசையாத பெண் இல்லை. 1990களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்துக்குள் பெற்றோல் வராத காலம். குடாநாடே சைக்கிளில் போய்வந்தது. இவர் லுமாலா சைக்கிளில் ரியூசனுக்குப் போய், அடுத்த ஊர்ச் சங்கக் கடைக்குப் போய், பின்னால் தங்கச்சியையும் ஏற்றிக்கொண்டு கோயிலுக்கும் போனவர். கிணற்றில் அள்ளிக் குளித்தவர். வளவு கூட்டியவர். அதற்கு யாரும் உடற்பயிற்சி என்று பெயர் வைக்கவில்லை. பெயர் வைக்காததாலேயே அது நடந்துகொண்டிருந்தது என்றும் சொல்லலாம். கனடா வந்ததும் சைக்கிள் போனது, கிணறு போனது, வளவு போனது. லிப்ற் வந்தது, கார் வந்தது, வாரம் ஒரு பிறந்தநாள் விழா வந்தது. புதிதாக வரும் குடிவரவாளர்கள் இங்கே பிறந்தவர்களைவிட நல்ல உடல்நலத்தோடு வந்து இறங்குகிறார்கள், வருடம் போகப் போக அந்த நலம் தேய்ந்துகொண்டு போகிறது என்று கனடாவின் ஆய்வுகள் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றன. சூட்கேசில் கொண்டுவந்த சேமிப்பை இருந்து சாப்பிடுகிற மாதிரித்தான் இதுவும்.

67 கிலோ பெரிய நிறையா என்று சிலர் கேட்கலாம். உடல் நிறைச் சுட்டி 27.9 வருகிறது. வழக்கமான அட்டவணையில் 25க்கு மேல் அதிக நிறை, 30க்கு மேல்தான் பருமன். ஆனால் அந்த அட்டவணை ஐரோப்பிய உடம்புகளைப் பார்த்துப் போட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் ஆசியர்களுக்கு 23, 27.5 என்ற எல்லைகளையும் கவனிக்கச் சொன்னது. ஒன்ராறியோவிலேயே செய்து 2011இல் வெளியான ஆய்வு ஒன்று இன்னும் தெளிவாகச் சொல்கிறது. வெள்ளையர் ஒருவருக்குச் சுட்டி 30இல் வருகிற நீரிழிவு ஆபத்து, தெற்காசியர் ஒருவருக்கு 24இலேயே வந்துவிடுகிறது. புனேயைச் சேர்ந்த வைத்தியர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த யுட்கினும் 2004இல் 'லான்செட்' இதழில் தங்கள் இருவருடைய படத்தையும் போட்டு எழுதியது பலருக்கு ஞாபகம் இருக்கும். இருவருக்கும் சுட்டி 22.3. யுட்கினுக்கு உடற்கொழுப்பு 9.1 வீதம், யாஜ்னிக்குக்கு 21.2 வீதம். ஒரே மாதிரித் தெரிகிற இரண்டு ஆட்களுக்குள் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம்! ஆகவே அம்மாவின் 67 கிலோவைச் சும்மா விட முடியாதுதான்.

நவம்பரில் அவர் தானாகவே ஒருமுறை முயன்று பார்த்தார். வேலையால் வந்ததும் குளிர்ச் சட்டையைக் கழற்றாமல் கட்டடத்தைச் சுற்றி நடந்தார். ரொறன்ரோவில் டிசம்பர் நெருங்க நெருங்கப் பின்னேரம் நாலே முக்காலுக்கே இருட்டிவிடும். மூன்றாம் நாள் ஒரு கார் பக்கத்தில் வந்து நின்றது. தெரிந்த மனுசிதான். "என்ன அக்கா, கார் பழுதோ? ஏறுங்கோ, கொண்டுபோய் விடுறன்" என்றார். நல்ல மனதோடு கேட்டதுதான். ஆனால் ஒரு தமிழ்ப் பெண் காரணமில்லாமல் தெருவில் நடந்தால் ஏதோ பிரச்சினை என்றுதான் ஊர் நினைக்கும் என்பது அவருக்கு விளங்கிவிட்டது. நாலாம் நாள் பனி உறைந்திருந்தது, வழுக்கியது. ஐந்தாம் நாள் அவர் போகவில்லை.

டிசம்பரில் மகள் தன் பகுதிநேர வேலைச் சம்பளத்தில் ஜிம் ஒன்றில் ஒரு வருட அங்கத்துவம் எடுத்துக்கொடுத்தாள். பாசம்தான், சந்தேகமில்லை. அம்மா இரண்டு தரம் போனார். சுவர் முழுக்கக் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் தன்னையே பார்க்க வேண்டும். பக்கத்தில் இறுகிய உடுப்புப் போட்ட இருபது வயதுப் பிள்ளைகள். பாரம் தூக்குகிற ஆம்பிளைகள் போடுகிற சத்தம். அவர் சுரிதாரோடு ஓடுபொறியில் ஏறி நின்று, எந்தப் பொத்தானை அமத்துவது என்று தெரியாமல், யாரையும் கேட்க வெட்கப்பட்டு, பத்து நிமிடத்தில் இறங்கி வந்துவிட்டார். மாதாமாதம் காசு மட்டும் ஒழுங்காகக் கழிந்தது.

இதில் இந்த அம்மா மட்டும் ஏமாளி இல்லை. டெல்லாவிக்னா, மால்மெண்டியர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 2006இல் அமெரிக்க ஜிம்களின் பதிவுகளை வைத்து ஒரு கட்டுரை எழுதினார்கள். மாதம் 70 டொலருக்கு மேல் கட்டுகிற அங்கத்தவர்கள் சராசரியாக மாதத்தில் 4.3 தரம்தான் போயிருந்தார்கள். ஒரு தரத்துக்கு 17 டொலருக்கு மேல் விழுகிறது. அதே ஜிம்மில் பத்துத் தரத்துக்கான சீட்டு எடுத்தால் ஒரு தரத்துக்கு 10 டொலர்தான்! படித்த, பணமுள்ள அமெரிக்கர்களே எதிர்காலத்துத் தங்களைப் பற்றி இப்படித் தப்புக் கணக்குப் போடுகிறார்கள் என்றால், இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகிற ஒருவரைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? இந்தக் கட்டுரையை மகள் வகுப்பில் படித்தது அடுத்த வருடம்தான். பாவம்.

ஊரின் வாயைப் பற்றியும் ஒரு வார்த்தை. விழாக்களில் ஒரு அன்ரி வந்து, "கொஞ்சம் உடம்பு வைச்சிட்டியள்" என்பார். அதை வசை என்றும் எடுக்கலாம், வாழ்த்து என்றும் எடுக்கலாம். கொஞ்சம் மெலிந்தால் அதே அன்ரி, "என்ன, முகம் வாடிப்போச்சு, ஏதும் வருத்தமோ?" என்பார். இந்த ஊரில் மெலிவு என்பது நோயின் அடையாளம், அல்லது கணவனோடு சண்டை என்பதன் அடையாளம். ஒரு பெண் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் கேள்வி உண்டு.

நிலைமை மாறியது ஜனவரியில், லிப்றுக்குள். ஏழாம் மாடியில் ஒரு பெண் இருந்தார். வன்னியிலிருந்து வந்து நாலைந்து வருடம்தான், வயது முப்பத்தெட்டு. இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது சீனி ஏறியிருந்தது. கர்ப்பகாலத்தில் நீரிழிவு வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் அது நிரந்தரமாக வருகிற ஆபத்து மற்றவர்களைவிடப் பல மடங்கு. அவருக்கும் அதே "நடவுங்கோ". லிப்றில் அவர் அம்மாவிடம் கேட்டார்:

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. சனி ஞாயிறு விடிய மோல் திறந்து வைப்பினமாம், ஆக்கள் உள்ளுக்க நடப்பினமாம். எனக்குத் தனியப் போகப் பயமாக் கிடக்கு, இங்கிலிசும் வராது. ஒருக்கா என்னோட வருவியளோ?"

அம்மா உடனே, "ஓம் பிள்ளை, அதுக்கென்ன" என்றார்.

இரண்டு மாதமாக மகளும் வைத்தியரும் ஜிம்மும் செய்ய முடியாததை இந்த ஒரு கேள்வி செய்துவிட்டது. தனக்காக அரை மணித்தியாலம் எடுப்பது அம்மாவுக்குக் களவு மாதிரி. இன்னொரு பெண்ணுக்குத் துணை போவது கடமை. கடமை என்று வந்துவிட்டால் இந்த அம்மாக்கள் நேரம் கண்டுபிடிப்பார்கள். செத்த வீடு, கலியாண வீடு, பிள்ளைப்பேறு எல்லாவற்றுக்கும் கண்டுபிடிக்கிறார்களே! சனிக்கிழமை விடிய ஏழரைக்கு அவர் சப்பாத்தும் போட்டுக்கொண்டு கீழே நின்றார்.

வட அமெரிக்க மோல்களில் கடைகள் திறக்க முன்னமே கதவைத் திறந்து நடக்கிறவர்களை உள்ளே விடுவது பழைய வழக்கம். வெளியே மறை பத்து, உள்ளே சூடு, நிலம் வழுக்காது, மலசலகூடம் பக்கத்தில், களைத்தால் இருக்க வாங்கு. யாரும் "கார் பழுதோ" என்று கேட்க மாட்டார்கள். சீனத் தாத்தா பாட்டிமார் கைகளை முன்னும் பின்னும் வீசிக்கொண்டு வரிசையாகப் போவார்கள். முதல் நாள் அம்மாவும் ஏழாம் மாடிப் பெண்ணும் ஒரு சுற்றுத்தான் நடந்தார்கள், பெரும்பகுதி சேலைக் கடன் ஒன்றைப் பற்றிய கதை. கதை முடியாததால் இரண்டாவது சுற்று. வேகமாக நடந்தால் கதைக்கலாம், பாட முடியாது என்கிற அளவு மூச்சு வாங்க வேண்டும் என்று சுகாதாரத் தாள்களில் எழுதியிருக்கும். இவர்கள் அதை அறியாமலே அந்த அளவில்தான் நடந்தார்கள். கதைக்காமல் இருந்தால்தானே!

கிழமை நாட்களுக்கு ஏழாம் மாடி விறாந்தை. இது முழுக்க அந்தப் பெண்ணின் கண்டுபிடிப்பு. இரவுச் சாப்பாடு முடிந்ததும் விறாந்தையின் ஒரு தொங்கலிலிருந்து மறு தொங்கல் வரை, கால் மணித்தியாலம். சில நாள் அம்மா காதில் வட்ஸ்அப்பைக் கொழுவிக்கொண்டு ஊரில் உள்ள தங்கச்சியோடு கதைத்தபடியே நடப்பார். சாப்பிட்டவுடன் நடப்பதில் ஒரு கெட்டித்தனம் இருக்கிறது. 2013இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், சீனி ஏறத் தொடங்கிய முதியவர்களை ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் 15 நிமிடம் நடக்க வைத்துப் பார்த்தார்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஏறுகிற சீனியை அடக்குவதில், ஒரே மூச்சில் 45 நிமிடம் நடப்பதைவிட அது நன்றாக வேலை செய்தது. உலக சுகாதார நிறுவனமும் முன்பு ஒரு தரத்தில் பத்து நிமிடமாவது தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தது. 2020 வழிகாட்டியில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. கிழமைக்கு 150 நிமிடமாவது மிதமான அசைவு வேண்டும், அதைத் துண்டு துண்டாகச் சேர்த்தாலும் சேரும். நாலரைக்கு எழும்புகிற பெண்களுக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை. ஆனால் குளிர்சாதனப் பெட்டியில் தொங்குகிற தாளில் இன்னும் "முப்பது நிமிடம்" என்றுதான் இருக்கிறது.

மூன்று மாதம் கழித்துத் தராசில் ஏறினார். 67. அப்படியே நின்றது.

கணவர் நல்ல மனுசன், ஆனால் வாயைக் கட்டத் தெரியாது. "இஞ்சரப்பா, மூண்டு மாசம் மோலச் சுத்தி ஒரு கிலோவும் குறையேல்லையே" என்று சிரித்தார். அன்றிரவு அம்மா விறாந்தைக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை.

பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிற இடம் இதுதான். விடுவதற்கான காரணத்தைக் கொடுத்தவர்கள் உற்சாகப்படுத்தியவர்களேதான். "நடந்தால் மெலிவீர்கள்" என்று சொல்லித்தான் எல்லோரும் நடக்க வைக்கிறார்கள். அரை மணித்தியாலம் சாதாரணமாக நடந்தால் நூற்றுச் சொச்சம் கலோரி போகும். ஒரு கோப்பைச் சோறு அதைவிடக் கூட. சாப்பாட்டை மாற்றாமல் நடந்தால் மட்டும் நிறை பெரிதாக இறங்காது என்பது வைத்தியர்களுக்குத் தெரியும். நடையின் பலன் வேறு இடத்தில் இருக்கிறது. வேலை செய்கிற தசை இரத்தத்திலிருந்து சீனியை இழுத்துக்கொள்ளும், இன்சுலினின் பேச்சை முன்பைவிட நன்றாகக் கேட்கும். தராசில் ஒரு கிராம் குறையாவிட்டாலும் இது நடக்கும். இரத்த அழுத்தமும் நித்திரையும் மனமும் அப்படித்தான். மெலிவை விலையாகச் சொல்லி நடையை விற்றால், வாங்கியவர் மூன்றாம் மாதம் பொருளைத் திருப்பிக் கொண்டுவருவார். வியாபாரம் படித்தவனுக்கு இது விளங்க வேண்டும், வைத்தியம் படித்தவர்களுக்கு ஏன் விளங்கவில்லையோ தெரியாது.

மூன்றாம் நாள் இரவு எட்டரைக்குக் கதவு தட்டுப்பட்டது. ஏழாம் மாடிப் பெண், இடுப்பில் பிள்ளையோடு. "அக்கா, ரெண்டு நாளாக் காணேல்ல. ஏதும் சுகமில்லையோ?" அம்மா நிறைக் கதையைச் சொல்ல, அந்தப் பெண், "நிறை கிடக்கட்டும் அக்கா. நீங்கள் வராட்டி நானும் போறேல்ல. எனக்கு இரவில மூச்சு முட்டுது, வீட்டுக்க" என்றார். அந்தப் பெண்ணின் வீட்டில் என்ன பிரச்சினை என்பது இந்தக் கட்டுரைக்கு வேண்டாத விஷயம். அம்மா சப்பாத்தைப் போட்டுக்கொண்டு இறங்கினார்.

மே மாதம் அவர்கள் ஏழு பேர். ஒருவர் பஞ்சாபிப் பெண், இரண்டு பேருக்கும் தெரிந்த பொதுமொழி உடைந்த ஆங்கிலமும் சிரிப்பும்தான். இவர்களுக்கு நீச்சல் ஆசையும் வந்தது. கடலால் சூழ்ந்த ஊரில் பிறந்தும் ஏழு பேரில் ஒருவருக்கும் நீந்தத் தெரியாது! ரொறன்ரோவின் ரீஜென்ற் பார்க்கில் 2012இல் திறந்த நகர நீச்சல் மண்டபம் கண்ணாடிச் சுவர்களால் ஆனது. ஆனால் பெண்களுக்கு மட்டுமான நேரத்தில் அந்தக் கண்ணாடிகளைத் திரையால் மூடிவிடுவார்கள். அந்தப் பகுதியில் வாழ்கிற குடிவரவுப் பெண்களை மனதில் வைத்துச் செய்த ஏற்பாடு. யாரோ ஒருவர் கட்டடத்தின் வரைபடம் போடும்போதே, ஒரு பெண் ஏன் உள்ளே வர மாட்டாள் என்று யோசித்திருக்கிறார். ஒரு திரைச்சீலையில் நூறு துண்டுப்பிரசுரத்தின் வேலை முடிகிறது. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு நகரசபையின் 'வெல்கம் பொலிசி' என்ற திட்டத்தில் வகுப்புக் கட்டணச் சலுகையும் உண்டு. இது தமிழ் அம்மாக்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஏழு பேரும் ஸ்காபரோவிலேயே பெண்களுக்கு மட்டும் நேரம் ஒதுக்குகிற ஒரு குளத்துக்குப் போனார்கள். ஆழமில்லாத பக்கத்தில் சுவரைப் பிடித்தபடி நின்று, நீரில் நடந்தார்கள். நிறை தெரியாமல் உடம்பு மிதக்கிறபோது அம்மா சத்தம் போட்டுச் சிரித்தாராம். முழங்கால் நோகாத ஒரு மணித்தியாலம் எத்தனை வருடத்துக்குப் பிறகு வந்தது என்று அவருக்கே ஞாபகமில்லை.

வீட்டிலும் சில விஷயங்கள் நகர வேண்டியிருந்தது. சனிக்கிழமை விடிய அம்மா இல்லையென்றால் யார் சமைப்பது? முதல் மாதம் அவர் வெள்ளி இரவே எல்லாம் சமைத்து வைத்துவிட்டுப் போனார். அது நித்திரையிலிருந்து எடுத்த நேரம். பிறகு ஒருநாள் மகள் ஒன்றும் பேசாமல் எழும்பிப் புட்டு அவித்தாள், அது கல்லு மாதிரி வந்தது. கணவர் சோற்றுக் குக்கரில் எவ்வளவு தண்ணீர் விடுவது என்று ஐம்பத்தேழு வயதில் கற்றுக்கொண்டார். ஜிம் அங்கத்துவத்துக்குக் கட்டிய காசில் இது எதுவும் அடங்கியிருக்கவில்லை.

அடுத்த ஒக்ரோபர் சோதனையில் ஏ1சி 5.9. நிறை 65. வைத்தியர் இரண்டு கிலோ குறைந்ததற்குப் பாராட்டினார்.

கதை இங்கே நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நவம்பரில் ஏழாம் மாடிக் குடும்பம் வாடகை கட்டுப்படியாகாமல் ஒஷாவாவுக்குப் போய்விட்டது. இரண்டு கிழமை மற்றவர்கள் வந்தார்கள். பிறகு பனி, தடிமன், ஒருவருக்கு மருமகளின் பிள்ளைப்பேறு. ஏழு மூன்றாகி, மூன்று ஒன்றாகியது. அந்த ஒன்றும் நின்றது. ஆராய்ச்சிகளிலும் இப்படித்தான் வருகிறது. ரொறன்ரோவில் தெற்காசியப் பெண்களுக்குப் பொலிவூட் நடனம் வைத்துப் பார்த்திருக்கிறார்கள், பெண்கள் ஆசையோடு வந்திருக்கிறார்கள். ஆனால் ஒரு திட்டத்துக்குக் கிழமைக் கணக்கில் ஆயுள், சீனிக்கு வருடக் கணக்கில். சொல்லிக்கொடுக்கிறவரின் சம்பளத்துக்கு நிதி முடிந்த மறுநாள் மண்டபத்துக் கதவு பூட்டிக் கிடக்கும்.

பெப்ரவரியில் 6.1. அம்மா அந்தத் தாளை மடித்து மகளிடம் காட்டாமல் வைத்திருந்தார். மகள் கண்டுவிட்டாள். ஆனால் இம்முறை "நடவுங்கோ" என்று சொல்லவில்லை. "ரெண்டாம் மாடியில புதுசா ஒரு குடும்பம் வந்திருக்கு அம்மா. அந்த அன்ரி வீட்ட விட்டு வெளியில வாறதே இல்லையாம். அவவின்ர மகள் எங்கட கம்பஸ்தான், அவள்தான் சொன்னவள்" என்றாள். அம்மா கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எந்த ஊராம்?" என்று கேட்டார்.

சனிக்கிழமை ஏழு இருபத்தைந்துக்கு அவர் கீழ்த்தளத்தில், கண்ணாடிக் கதவுக்கு உள்ளே, குளிர்ச் சட்டையோடு நின்றார். கையில் ஒரு சோடிச் சப்பாத்து. வரப்போகிறவரிடம் நடக்கிற சப்பாத்து இருக்காது என்று தன் பழையதைக் கழுவிக் காயவைத்துக் கொண்டுவந்திருந்தார். அளவு சரியாக இருக்குமோ என்பதுதான் யோசனை. லிப்றின் விளக்கு இரண்டில் நின்றது.